மேனிஃபோல்டின் மேல் சூடேறிய சோறு

டிக், டிக், டிக் என்று யாரோ விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுவதைப் போலச் சத்தம் வரும்; கூடவே சமையலறை ஜன்னல் வழியாக டீசல் நெடி உள்ளே நுழையும். எண்பதுகளின் தொடக்கத்தில், கிள்ளான் நகரை அடுத்த மேருவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் பொழுது அப்படித்தான் விடிந்தது. அப்பா தம்முடைய பழைய டீசல் பிக்அப்பை முடுக்கிவிட்டு, அது சூடேறும்வரை வாசலில் நின்று கோப்பி குடிப்பார். என்ஜின் சூடானதும் அந்தச் சத்தம் தானாகவே அடங்கிவிடும் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கெழவனுக்குக் காலையில இருமல் வராதா, அந்த மாதிரிதான் லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

காப்பாரில் தேங்காய் ஏற்றி, கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உள்ள கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசலிலேயே பாதி நாளைக் கழித்தாலும் எந்தக் கடையிலும் அவர் கை நனைத்ததில்லை. அம்மா சமைத்ததுதான் அவருக்கு இறங்கும், அதுவும் சுடச்சுட இருந்தால்தான். "ஆறிப்போன சோத்தைத் திங்க நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று கேட்டவர், அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். என்ஜினின் நான்கு வாய்களிலிருந்தும் வரும் புகையை ஒன்றாகச் சேர்த்துப் பின்குழாய்க்கு அனுப்பும் கனத்த வார்ப்பிரும்பு ஒன்று உண்டு, மேனிஃபோல்ட் என்பார்கள். ஓடும் வண்டியில் தொட்டால் தோல் உரிந்துவிடும் சூடு. அதன் மேலிருந்த மூடித் தகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு நட்டுகளை அவிழ்த்து, வளைத்த இரும்புப் பட்டைகளை இடையில் கொடுத்து மறுபடி முடுக்கி, டிஃபன் டப்பா உட்காரும்படி ஒரு தொட்டில் செய்துவிட்டார். "நம்ம அடுப்பு" என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டுவார். அம்மாவுக்கும் அதில் பெருமைதான்.

அந்த அடுப்பு வந்து பல மாதம் கழித்து, ஒரு நாள் சாம்பாரில் புகை வாடை அடித்தது என்றார் அப்பா. மறுநாள் கோழிக்கறியில் அடித்தது. அதற்கப்புறம் தினமும் அதே பாட்டுதான். "ராத்திரி சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. காலையில அவசரத்துல அடி புடிக்க விட்டுடுறே" என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். அம்மா மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி மாற்றினார், சட்டிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார், அரை மணி முன்னதாக எழுந்தார். அதே சாப்பாட்டை மத்தியானம் வீட்டில் சாப்பிட்ட அம்மாவுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. "அடுப்படியிலேயே கெடந்து உன் மூக்கு செத்துப்போச்சு" என்று அப்பா முடித்துவிட்டார். சித்தி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோதும் இதைச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் ஒப்புக்குச் சிரித்தார்.

அப்படிச் சொல்லச் சொல்ல, அம்மா தம் நாக்கையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். கரண்டியில் எடுத்து ஒரு முறை நக்கிப் பார்ப்பார், யோசிப்பார், மறுபடி பார்ப்பார், என்னைக் கூப்பிட்டு வாயில் விடுவார். நான் நன்றாக இருக்கிறது என்றால் நம்பமாட்டார். பத்து வயதில் எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் எதிலும் தடுமாறாத ஒரே ஆள் அவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த சித்திக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அறுபது பேருக்குச் சமையல். தம் அக்காதான் சமைக்கும் என்று சித்தி யாரிடமும் கேட்காமலே முடிவு செய்திருந்தார். அம்மாவோ, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி எதுக்கு வம்பு, வேற ஆளுகிட்ட சொல்லிடலாம்" என்று முனகிக்கொண்டிருந்தார். தங்கையின் நிச்சயத்தில் இன்னொருவர் கரண்டி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் எப்படி உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் நானும் அப்பாவோடு பிக்அப்பில் போனேன். அம்மா இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தார். அவருடையது "அடுப்பில்" ஏறியது. இடமில்லாததால் என்னுடையது என் மடியிலேயே இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். நான் என் டப்பாவை மோந்து பார்த்தேன். புளிக்குழம்பு வாசம் மட்டும்தான்.

"அப்பா, என்னோடதுல வாடை இல்லியே."

"சும்மா அம்மாவுக்குப் பரிஞ்சு பேசாதே" என்றபடி என் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். மென்றார். பிறகு தம்முடையதில் ஒரு பிடி. மறுபடி என்னுடையதில் ஒரு பிடி.

திரும்பும் வழியில் வண்டியைக் கிள்ளான் பட்டறைக்கு விட்டார். ஃபோர்மேன் மணியம் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, தொட்டிலுக்கு நேர் கீழே இருந்த கரிக்கோட்டைக் காட்டினார். பட்டை கொடுத்து முடுக்கிய நட்டுகள் இரண்டும் தளர்ந்து, ஒரு போல்ட் முறிந்து, புகை கசியாமல் இடையில் அடைத்திருந்த கேஸ்கட் கருகிப்போயிருந்தது. அந்த இடைவெளியில் பீறிய புகை நேராகச் சாப்பாட்டு டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் கேட்கும் டிக் டிக்கும் அங்கிருந்துதான், சூடேறினால் சத்தம் அடங்குமே தவிர கசிவு நிற்காது என்றார்.

"யார்ணே இந்த வேலையைப் பார்த்தது?" என்றார் மணியம்.

அப்பா பானெட்டின் ஓரத்தைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார். மணியம் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவ்வளவுதான், மணியத்துக்குப் புரிந்துவிட்டது.

மேனிஃபோல்டைக் கழற்றி ஓர் இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்தபோது அடியில் வெளிச்சம் தெரிந்தது, சூட்டில் வளைந்திருந்தது. முகத்தைச் சமமாகச் சீவி, முறிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுத்து, புது கேஸ்கட் வைத்துக் கட்ட இரண்டு நாளாகும் என்றார் மணியம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, "அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காதே" என்றார் அப்பா.

ஆனால் சொல்லவில்லை. வண்டி இல்லாததால் இரண்டு நாளும் மத்தியானம் வீட்டிலேயே சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று, "வாடை இருக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடியே. "இன்னிக்குக் கூடுதலா கவனிச்சுக்கிட்டேன்" என்று அம்மா சந்தோஷப்பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, கடைக்குப் போய்ச் சித்திக்குப் போன் பண்ணி வேறு சமையல்காரரைப் பார்க்கச் சொல்லப்போவதாக அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கப் போயிருந்த அப்பா அப்போதுதான் வந்து சேர்ந்தார். கையில் செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலம். பிரித்து அம்மாவின் காலடியில் வைத்தார்: கருகிய கேஸ்கட், அவர் வளைத்த இரண்டு பட்டைகள்.

"உன் சமையல்ல ஒண்ணும் இல்ல. என் அடுப்புதான் ஓட்டை."

அம்மா குனிந்து கேஸ்கட்டை எடுத்து மோந்து பார்த்தார். அந்த மூக்கு சாகவில்லை என்று அந்த நிமிடத்தில் அவருக்கே தெரிந்திருக்கும்.

"மூணு மாசம்" என்றார். கேஸ்கட்டைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, "நான் தீய்க்கிறேன்னு தங்கச்சி வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னீங்க இல்ல? அங்கயே வந்து சொல்லுங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மிளகாய் வறுக்கத் தொடங்கினார்.

நிச்சயத்தன்று அறுபது பேருக்கும் அம்மாதான் சமைத்தார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தபோது அப்பா எழுந்து நின்றார். தவறு என்னுடையது என்று அதுவரை யாரிடமும் சொல்லியறியாத மனிதர், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், நட்டு அவிழ்த்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். மாப்பிள்ளையின் மாமா, லோரி ஓட்டுகிறவர், ஆர்வமாகக் கேட்டார்: "அது சரி, சோறு நல்லா சூடாச்சாண்ணே?" எல்லாரும் சிரித்த சிரிப்பில் அம்மாவின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

அந்தக் குவாட்டர்ஸ் இன்று இல்லை. அந்த இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள் நிற்கின்றன. பிக்அப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மணியத்தின் பட்டறை இருந்த வரிசையில் கைப்பேசிக் கடைகள். அம்மாவின் விரல்கள் மடங்காமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கரண்டி இப்போது அப்பாவின் கையில். போன வாரம் போயிருந்தபோது ரசம் வைத்திருந்தார். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்தது, உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"எப்படி இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து அப்பா கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று அம்மா தட்டை நீட்டினார்.