கணினிக்குள் முடியாத தேர் நாள்

கண்டி நகரத்தில் ஒரு கோயிலில் எனக்கு வேலை. மண்டபம் கூட்டுவேன், விளக்குத் துடைப்பேன், நடை திறந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்களை நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூச்சம். மைக்கைக் கண்டால் தள்ளி நின்றுவிடுவேன். ஆனாலும் வேலைக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. எங்கள் கோயிலில் பேச வேண்டியதை எல்லாம் ஒருவர் முன்பே பேசி வைத்திருந்தார்.

அவர் கோயிலின் பழைய கிளாக்கர், கணக்கு எழுதியவர். செருப்பை வெளியே விடுவது, அர்ச்சனைச் சீட்டு வாங்குவது, அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பது என்று ஒவ்வொன்றையும் தன் குரலில் பதிந்து, எந்த நாள் எந்த நேரம் எது ஒலிக்க வேண்டும் என்று கணினியில் ஒழுங்கு செய்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் நான் வேலைக்கு வந்தேன். எனக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். மழை நாட்களில் ஒருவரும் இல்லாத மண்டபத்தைப் பார்த்து அவர் குழந்தைகளைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அதுவும் பழகிவிட்டது.

இந்த வருடம் ஒரு இடி மழையில் அந்தக் கணினி கருகியது. கோயில் தலைவர் புதியது வாங்கித் தந்தார். ஆனால் பழைய விண்டோஸில் ஓடிய அந்தப் புரோகிராம் புதியதில் அசையவே இல்லை. கடுகண்ணாவையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டோம். கருகியதன் ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியிருந்தது. அதைக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

“அண்ணே, பழைய கொம்பியூட்டர அப்படியே புதுசுக்குள்ள வச்சிட்டேன். திரையில இருக்குற இந்த ஜன்னலத் தொறங்க, உள்ள அது ஓடும். தான் எரிஞ்சு போனதே அதுக்குத் தெரியாது” என்று சிரித்தார்.

திறந்தார். பெரிய திரைக்கு நடுவே ஒரு சின்னத் திரை. அதில் கிளாக்கர் வைத்திருந்த முருகன் படம், பழைய எழுத்துகள், பழைய மணிக்கூடு. செத்தவர் வீட்டு அறையைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

“புரோகிராமுக்கு எடுத்த லைசன்ஸு இந்த மாசந்தான் முடிஞ்சிருச்சு, இன்னைக்குத் திகதியப் பார்த்தா ஓடாது. அதனால உள்ள மட்டும் நாளப் பின்னுக்குப் போட்டிருக்கேன். கிளாக்கரு கடைசியா என்னைக்கு எதையோ சேவ் பண்ணாரோ, அந்த நாள். நீங்க எதை மாறித் தட்டினாலும் பயமில்ல. மூடித் தொறந்தா அதே நாள், அதே நேரம் வந்து நிக்கும்.”

மறுநாள் பின்னேரம் நடை திறந்ததும் நானே ஜன்னலைத் திறந்தேன். பாட்டு வந்தது. செருப்பு அறிவித்தல் வந்தது. அதன் பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்று வந்தது.

“பக்தர்களின் கவனத்திற்கு. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை அணிந்த நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று காரியாலயத்தில் நிற்கிறது. பெற்றோர் உடனே வரவும்.”

கிளாக்கர் குரலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுவது கேட்டது. காரியாலயத்தில் இருந்தது நான் மட்டும்தான். திரும்பிப் பார்த்தேன். கதிரையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒலித்தது. இந்த முறை வேறு மாதிரி. “பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது. தேடி இன்னும் எவரும் வரவில்லை.” எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ஜன்னலையே மூடினேன். அடுத்த நாள் திறந்தபோது, அதே நேரத்தில் அதே பிள்ளை அழுதது.

வாசலில் மாலை கட்டும் அக்கா என்னைக் கூப்பிட்டு, “என்னப்பா, உங்க கிளாக்கரு சம்பளமில்லாமயே ஓவர்டைம் பாக்குறாரு போல” என்றாள். சிரித்தாள். ஆனால் அன்று நேரத்தோடே கூடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கடுத்த நாள் அறிவித்தல் முடிவதற்குள் ஒரு பெண் காரியாலயத்துக்குள் ஓடி வந்தாள். பக்கத்துத் தெருப் புடைவைக் கடையில் வேலை செய்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மூச்சு வாங்கியது.

“அண்ணே, பிள்ளை எங்க?”

நான் கணினியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், பிறகு சுவரில் சாய்ந்தாள்.

“எனக்குத் தெரியும்ணே. அது இப்ப உயிரோட இல்ல. இப்படித் தொலைஞ்சு கெடச்ச அடுத்த வருசமே டெங்குல போயிருச்சு. தெரிஞ்சும் காலு நிக்கல. அது என் பிள்ளையோட அழுகதான்.”

அப்போது அவர்கள் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்களாம். தேர் பார்க்க வந்த கூட்டத்தில் கை நழுவியிருக்கிறது. பிள்ளை கீழே பஸ் நிற்கும் பக்கம் போயிருக்கும் என்று இவள் அங்கேயே தேடியிருக்கிறாள். அங்கே எங்கள் ஒலிபெருக்கி கேட்காது. விளக்கு வைத்த பிறகுதான் வந்து பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறாள்.

“அவ்வளவு நேரமும் அழுதிருக்கு. நான் வரல. ஒரே ஒரு தடவ, மொதல் கூப்பாட்டுக்கே வந்து நிக்கணும்ணே. நாளைக்கும் போடுவீங்களா?”

மாட்டேன் என்று சொல்ல நினைத்து, “போடுறேம்மா” என்றேன்.

மறுநாள் நான் ஜன்னலைத் திறக்கும் முன்பே வந்து கதிரையில் இருந்தாள். முதல் அறிவித்தல் வந்ததும் எழுந்து, “வந்துட்டேன், அம்மா வந்துட்டேன்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், தூங்கும் பிள்ளையிடம் சொல்வது போல. கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் சொன்னார்: “தேடி இன்னும் எவரும் வரவில்லை.”

அவள் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தாள். தினமும் முதல் ஆளாக வந்து நின்றாள். தினமும் எவரும் வரவில்லை என்று அவர் சொன்னார். அவள் முகம் வற்றிப் போனது. “அதுக்கு நான் சொல்றது கேக்கலண்ணே” என்று ஒருநாள் சொன்னாள். அன்றே கடுகண்ணாவைக் கடைக்கு போன் எடுத்தேன்.

திருத்துபவர் வந்து கணினியைத் துழாவிப் பார்த்தார். “இது கிளாக்கரு அந்தத் தேர் நாளுக்கு மட்டும்னு பதிஞ்சு போட்டது. நாள் போனதும் பேசாமக் கெடந்திருக்கு, யாரும் அழிக்கல. நான் அதே நாளக் கொண்டுவந்து வச்சதும் முழிச்சிருச்சு. இருங்க, ஒரு தட்டுத் தட்டினா போயிரும்.”

“தம்பி, பொறுங்க. அவங்க வரட்டும்” என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. அவள் வந்தபோது கதிரையைத் தானே இழுத்துப் போட்டு, மவுஸை அவள் கையில் கொடுத்தார். “மொதல் கூப்பாடு முடிஞ்சதும் இந்தப் பட்டன அமத்துங்க அக்கா, அந்த அறிவித்தல் அழிஞ்சிரும். ரெண்டாவது வராது.”

அறிவித்தல் வந்தது. அழுகை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். பாட்டு மட்டும் போனது. எவரும் வரவில்லை என்று அன்று கிளாக்கர் சொல்லவில்லை. “இனிமே மூடித் தொறந்தாலும் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, அந்த நிலையைப் பதிந்துவிட்டுத் திருத்துபவர் போனார். அவள் திருநீறு பூசிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து கதிரையில் இருந்தாள். அந்த இடம் வந்தபோது ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“கூப்பிடல” என்றாள்.

“இல்லம்மா. நேத்து நீங்கதானே வந்து நிப்பாட்டினீங்க.”

“நான் பட்டனத்தானேண்ணே அமத்துனேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகலியே.” திரையைத் தொடாமல், அதற்கு மிகக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். “இப்ப அது யாரோட போயிருக்கும்?”

நானும் திரையைப் பார்த்தேன். சின்னத் திரையின் மணிக்கூட்டில் அந்தத் தேர் நாள் சாயங்காலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர எங்களில் ஒருவருக்கும் வழியில்லை.