மேல் மலையில் ஒரு கல்லு

1. நான் ஆபாசமாம்

என்னை ஆபாசக்காரி என்று முதன்முதலில் சொன்னது ஒரு மிஷின். மாத்தளை மாவட்டத்தில் மிட்வைஃபாக என் சர்வீஸ் முழுவதும் ஓடியது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களில் நான் ‘மிஸ்’. பெயரெல்லாம் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் காலையில் ஃபேஸ்புக் சொல்கிறது: உங்கள் பதிவு ஆபாசமானது, நீக்கிவிட்டோம், தொடர்ந்தால் பேஜை மூடுவோம்.

தோட்டத்துப் பெண்களின் உடம்புக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதிய பேஜ் அது. பதிவில் இருந்தது என்ன? மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்க்கும் முறை. கூடவே ஒரு கோட்டுப்படம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷின் மட்டும் எதிரே நின்றிருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் டாக்டர் சிங்களப் பெண், தங்கமான மனுஷி. “அனே மிஸ், பேஜ் போனா போகட்டும். கிளினிக் இருக்குதானே?” என்றார்.

கிளினிக் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் ஒருத்திக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி நிற்பாள், பின்னால் மாமியார் நிற்பாள். எவள் வாயைத் திறப்பாள்? கை உளைவு என்று வருவார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். உள்ளே இருக்கும் கட்டி நன்றாகப் பெருத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும். பேஜில் மட்டும்தான், அதுவும் வேறு பெயர் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். அதை மூடினால் அந்த வாய்களையும் மூடியதுபோலத்தான்.

2. புள்ளியும் நட்சத்திரமும்

பேஜை என்னோடு சேர்ந்து நடத்தியவள் ரிஸ்னா. மாத்தளை டவுனில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. கடையின் ஆன்லைன் வியாபாரம் முழுக்க இவள் கையில்.

“பயப்படாதீங்க மிஸ். உள்ளாடை படம் போட்டா எங்கட கடை பேஜுக்கும் இதே கரச்சல்தான். எழுத்துக்கு நடுவுல புள்ளி வைங்க, நட்சத்திரம் போடுங்க. மிஷினுக்கு வெளங்காது” என்றாள்.

புள்ளி வைத்தோம். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு மிஷின் புள்ளியையும் படித்துவிட்டது. நட்சத்திரம் போட்டோம், அதையும் கண்டுபிடித்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதினோம், மறுபடியும் எச்சரிக்கை வந்தது. நாங்கள் ஓட, அது துரத்த, இதே பிழைப்பாகிவிட்டது. எழுதியதைப் பார்த்தால் எனக்கே வாசிக்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள்?

3. மலைக்கணக்கு

வழி எங்களிடமிருந்து வரவில்லை. கீழே கமெண்டில் வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் இடத்தை மலை என்பார்கள். மேல் மலை, கீழ் மலை, அஞ்சாம் நம்பர் மலை. எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் விடியும். யாரோ ஒரு குறும்புக்காரி எழுதினாள்: “மிஸ், மேல் மலை வலிக்குது. புள்ள பால் குடிக்கிறப்ப உசுரு போகுது.”

சிரிப்புக் குறிகள் குவிந்தன. அன்றைக்கே இன்னொருத்தி, “எனக்குக் கீழ் மலையில மழ நிக்கவே மாட்டேங்குது” என்றாள். பிறகு அது தானாக வளர்ந்தது. கட்டி ‘கல்லு’ ஆனது. பெரியாஸ்பத்திரி டாக்டர், தோட்ட மேனேஜரைச் சொல்வதுபோல, ‘பெரிய தொரை’ ஆனார். என்னை, மலையில் நின்று வேலை வாங்கும் ‘கங்காணி’ ஆக்கிவிட்டார்கள், கழுதைகள்! ஆபரேஷனுக்குப் பெயர் ‘கவ்வாத்து’. முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை அது.

மிஷின் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் எங்கள் பேஜில் தேயிலை உர விளம்பரம் போட ஆரம்பித்தது. டாக்டர் ஒரு நாள் போனைப் பார்த்துவிட்டு, “மிஸ், நீங்க தேயிலைக் காணி ஏதும் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஒன்றைக் கவனியுங்கள். நான் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவில்லை. கல்லு என்று எவள் எழுதினாலும் உடனே போன் நம்பர் வாங்கிப் பேசுவேன். பேஜில் மலை, போனில் மார்பு. எந்தப் பக்கம், எத்தனை நாளாக, வலி உண்டா, தோல் சுருங்கியிருக்கிறதா என்று உள்ளதை உள்ளபடி கேட்டுவிடுவேன்.

4. செல்வமணி

“மிஸ், மேல் மலையில ஒரு கல்லு. நோவு இல்ல. அப்படியே விட்டுறவா?” என்று எழுதியவள் செல்வமணி. கொழுந்து எடுக்கிறவள், ரெண்டு பிள்ளைக்காரி. நோவு இல்லாத கட்டிக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். கூட்டிவந்து பார்த்தோம், டாக்டர் கண்டிக்கு அனுப்பினார். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம், ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

அவள் மாட்டேன் என்றாள். அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன், திட்டினேன்.

“அறுத்துப்போட்டா நான் என்னாத்துக்கு மிஸ்? அதுக்கப்புறம் பொம்பளையா நான்? செத்தா முழுசாவே செத்துப்போறேன், விடுங்க.”

புருஷன் ராசு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குத் தெரிந்த எல்லா விளக்கமும் அன்றைக்குத் தீர்ந்துபோனது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். சொல்வதற்கு வெட்கம் இல்லை.

செல்வமணியே அன்று பேஜில் எழுதியிருந்தாள்: “கவ்வாத்துன்னு சொல்றாங்க. நான் போகல.”

அதற்கு வந்த பதில்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். “ஏய், ஒம் புருஷனே கவ்வாத்துக்காரன்தானே? அவர் வெட்டுன செடியெல்லாம் செத்தா போச்சு?” என்றாள் ஒருத்தி. “வெட்டுன புதுசுல மொட்டையாத்தான் நிக்கும். நாம பாக்காததா?” என்றாள் இன்னொருத்தி. “வெட்டாத செடிதான்டி வீணாப்போகும். போ, பேசாம போயிட்டு வா. புள்ளைகளுக்கு நான் சோறு குடுக்கிறேன்” என்றாள் மூன்றாமவள்.

மறுநாள் ராசு எனக்குப் போன் எடுத்தான். மனைவி அந்தப் பதில்களை அவனிடம் வாசித்துக் காட்டினாளாம். “மிஸ், அவ சம்மதிச்சிட்டா. பெரிய தொரைக்கிட்ட நல்ல கத்தியா எடுக்கச் சொல்லுங்க” என்றான். சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து, மருந்தெல்லாம் ஏற்றி, தலைமுடி கொட்டித் திரும்பவும் முளைத்த பிறகு செல்வமணி ஒரு படம் போட்டாள். கவ்வாத்து வெட்டிய செடி ஒன்று, கட்டையில் பச்சைப் பசேலென்று துளிர். எழுத்து ஒன்றும் இல்லை. ரிஸ்னா என்னைக் கூப்பிட்டு, “அல்லாஹ்வே, பாத்தீங்களா மிஸ்?” என்றாள்.

5. வரிசை

முதல் பதிவை நீக்கியதற்கு எதிராக ஃபேஸ்புக்கிடம் நாங்கள் மேல்முறையீடு போட்டிருந்தோம். ஆறப்போட்டு ஒரு நாள் பதில் வந்தது: தவறு நடந்துவிட்டது, உங்கள் பழைய பதிவைத் திரும்பப் போட்டுவிட்டோம். ரிஸ்னா துள்ளினாள். இனிமேல் நேராகவே எழுதலாம் என்று பேஜில் அறிவித்தோம். ஒருத்தியும் கேட்கவில்லை. “மிஷின் விட்டா என்னா மிஸ்? எங்களுக்கு இதுதான் வாய்க்கு வருது” என்றார்கள்.

அந்தப் பேச்சின் அருமை எனக்குப் புரிந்தது நான் பென்ஷன் போவதற்குச் சற்று முன்னால். அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம். வரிசையில் பின்னால் நின்ற ஒரு சின்ன வயசுப் பெண் எட்டிப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி கத்தினாள்.

“மிஸ், எனக்கு மேல் மலையில கல்லு மாதிரி தட்டுப்படுது. இன்னைக்குப் பாப்பீங்களா?”

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி, அவளை முதலில் போகச் சொன்னார்கள். என் சர்வீஸில் ஒரு பெண்கூட வரிசையில் நின்று அதைச் சத்தமாகக் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்று மிஷின் தடுத்தது நேற்று. இவர்கள் வாயை ஊர் அடைத்து வைத்தது எத்தனை காலமாக! ரெண்டு பூட்டையும் கொழுந்துக்காரப் பெண்கள் ஒரே அடியில் உடைத்துவிட்டார்கள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு அவளை உள்ளே கூப்பிட்டேன். அவளுக்குப் பின்னால் நின்ற அவள் மாமியார் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

“எனக்கும் பாத்துருங்க மிஸ்” என்றார்.