லேப்டாப்புக்கு வைத்த குங்குமம்

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையில், சிவில் இன்ஜினீயரிங் முடித்த என் மகன் புத்தகங்களுக்குப் பதிலாக லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். "புக்கெல்லாம் எதுக்கும்மா? எல்லா கணக்கும் இதுலயே கீது." நானும் அதற்கே குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

கோவளத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அவன்தான் பிளான் போட்டான். பால்கனிக்குக் கம்பி கட்டும் விதத்தையும் அந்த மிஷின்தான் சொன்னது. கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்த அன்று, கீழே நின்றிருந்த என் வீட்டுக்காரர் மேல் பால்கனி அப்படியே விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "வெளி ஓரத்துல தூணு இருக்குன்னு தப்பா போட்டுட்டேம்மா. லேப்டாப்பும் சரின்னு பச்சையா காட்டுச்சு. தூணு இல்லாம நீட்டுற பால்கனிக்கு மேல்பக்கம்தான் கம்பி வேணும். முதல்லயே படிச்சதுதாம்மா. ஒரு தபா யோசிச்சிருந்தா..."

உயிரைச் சாமி காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு அவன் பரணிலிருந்து பழைய புத்தகங்களை இறக்கித் துடைத்தான். கட்டிலில் இருந்தபடியே அவர் கேட்டார்: "இன்னா நைனா, உன் பச்ச லைட்டு சாமி எங்க?"

அவன் சிரிக்கவில்லை; தலையும் நிமிரவில்லை.

இத்தனை நாளும் அவனுக்கு நல்ல வேலை கொடு தாயே என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்று, அவன் அப்பா முகத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.