சர்வருக்குப் பூஜை போட்ட நாள்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேபிள் அடிப்பது முதல் லாரி அனுப்புவது வரை எங்கள் மென்பொருள்கள் எல்லாம், கன்டெய்னர் என்னும் தனித்தனி மென்பொருள் பொதிகளாக, மூன்று சர்வர்களில் ஓடின. அவற்றைக் கட்டி மேய்க்க எதைப் போடுவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதற்கென்றே இருக்கும் மென்பொருள்களில் டாக்கர் ஸ்வார்ம் எளிது, எங்கள் அளவுக்கு அதுவே போதும். நான் அதைவிடப் பெரிய குபர்நெட்டிஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு சர்வர் படுத்தால் அதன் வேலையை மற்றவை ஏற்றுக்கொள்ளும் என்று கேண்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். இரண்டுமே அதைச் செய்யும். ஆனால் பெரிய பெயர்தான் என் பயோடேட்டாவுக்கு அழகு.

முதலில் சோதனையாக ஓடட்டும் என்றார் மேனேஜர். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. மெஷினை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் வைத்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி. கான்ட்ராக்டில் இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கிண்ணத்தோடு சர்வர் அறைக்கு வந்தார்.

"ஒண்ண மட்டும் ஆஃப் பண்ணிக்கவா மேடம்? ஓடிக்கினு கீற மெஷினுக்குப் பொட்டு வெச்சா நல்லாவா கீது?"

"தாராளமா பண்ணுங்கண்ணே. ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது."

சுவிட்சைத் தட்டினார். மூன்றும் அணைந்தன. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகியவள் நான்தான். ஒரு மாதம் ஆராய்ச்சி செய்தவளுக்குப் பிளக் எங்கே போகிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப எழுப்பத் தெரியாமல் நான் திணற, லேபிள் இல்லாமல் லாரிகள் சாயங்காலம் வரை நின்றன. இனி அந்த எலக்ட்ரீஷியன் வர வேண்டாம் என்றார் மேனேஜர். உடனே அவர் மேஜைக்குப் போனேன்.

"தப்பு என்னோடது சார். போர்டு போட்டதும் நான், ஆஃப் பண்ணச் சொன்னதும் நான்."

"பாவம் பாக்குறீங்க. புரியுது மேடம்" என்று சிரித்தார். பெரிய மனசு என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்காக எலக்ட்ரீஷியனை வேலையில் வைத்துக்கொண்டார்கள். தப்பு சுவிட்சை அணைத்தவர்மேல்தான் என்று முடிவானதால், குபர்நெட்டிஸுக்கும் அப்போதே ஒப்புதல் கிடைத்தது. எத்தனை முறை சொல்லியும் ஒருவர்கூட நம்பவில்லை.

லீவு முடிந்து அண்ணன் பொரி கடலைப் பொட்டலத்தோடு வந்தார்.

"எனக்காகப் பழிய ஏத்துக்கினீங்களாமே மேடம். வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்."

"இல்லண்ணே, நெஜமாவே தப்பு என்னோடதுதான்."

"பாத்தீங்களா, இப்பகூட என்னிய வுட்டுக் குடுக்க மாட்றீங்க."

கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கைகளைப் பார்க்க வெட்கப்பட்டு, பொரியை வாங்கிக்கொண்டேன்.