ஜாடியில் தண்ணீர் இருக்கா, மாமா?

அரியலூரில் எங்கள் ஆவணக் காப்பகத்தின் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேப்பந்தட்டையிலிருந்து அக்கா வீட்டுப் பக்கத்துக்காரர் போன் செய்தார். "உங்க அக்கா மவ மலர்விழி போயிட்டாங்க. காலேஜுக்குப் போற வழியில லாரி" என்றார். "யோவ், புளுகுறதுக்கு எங்க குடும்பத்துல நான் ஒருத்தன் போதாதா?" என்று சத்தம் போட்டேன். அப்போது அவர் குரலுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. அது அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. கையிலிருந்த டீ என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற காப்பகத்து நண்பர்களுக்கும் மலர்விழியோடு படித்த பிள்ளைகளுக்கும் என்னைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர் வெயில் என்னிடம் அனுமதி வாங்கித்தான் அடிக்கிறது என்று வெளியூர்க்காரர்களை நம்பவைத்தவன் நான். இந்தக் காப்பகத்துக்குப் பொறுப்பாளன் என்ற பதவியை மூவுலகச் சக்கரவர்த்தி என்பதுபோலச் சொல்லிக்கொண்டு திரிபவன். அப்படிப்பட்ட என்னிடம்தான் அவள் இன்டர்ன்ஷிப் செய்ய வந்து சேர்ந்தாள்.

கோயில் சுவரோவியங்களைப் பழுதுபார்த்து வந்த நிபுணர் ஒருவர் தன் வாழ்நாள் சேகரிப்பை எங்கள் காப்பகத்தை நடத்தும் டிரஸ்டுக்குக் கொடுத்திருந்தார். சோதனைக் குறிப்புகள், வண்ணப்பொடிகள், பிசின், கடுக்காய், கூடவே ஊறுகாய் ஜாடிகளில் நீற்றிய சுண்ணாம்பு. எல்லாம் டிரங்குப் பெட்டிகளில் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதுவது அவள் வேலை. வந்த முதல் நாளே நான் அவளுக்குப் பொற்காலத் திட்டம் ஒன்றை விளக்கினேன். "எல்லா ஜாடியிலயும் சோழர் காலம்னு போடு. எவன் வந்து கேக்கப்போறான்? அந்த ராஜாவா எந்திரிச்சு வரப்போறாரு?"

"தெரியாததைத் தெரியலன்னு எழுதுறதும் வேலைதான் மாமா" என்றாள். சிரிக்கவில்லை. எழுதினாள். ஜாடிகளின் அட்டைகளில் ஊர்: தெரியவில்லை. வருடம்: தெரியவில்லை. உலகத்திலேயே இவ்வளவு தெரியவில்லை உள்ள காப்பகம் நம்முடையதுதான் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

நீற்றிய சுண்ணாம்பின் மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுப் பட்டால் இறுகிச் செத்துப்போகும். பழைய ஜாடி, மூடி சரியாகப் பொருந்தாது. நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். ஒருநாள் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்த ஓர் அம்மா ஜாடிகளைப் பார்த்துவிட்டு, "தேங்கின தண்ணிங்க, கொட்டுங்க" என்று கையை வைத்தார். மலர் ஓடிவந்து ஜாடியைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, இது சுண்ணாம்புத் தண்ணி. இதுல கொசு முட்டை போட்டா வெந்துடுங்க்கா!" அந்த அம்மா சிரித்துவிட்டு, "எங்க வூட்டுத் தொட்டிக்கும் கொஞ்சம் குடு பாப்பா" என்று சொல்லிப் போனார்.

உண்மையான ஆபத்து டிரஸ்டி உருவில் வந்தது. இடம் போதவில்லை, பொருட்களைக் கழித்துவிடலாம் என்று அவர் முடிவோடுதான் வந்திருந்தார். "காகிதத்தை வெச்சுக்குங்க. இந்த ஊறுகாய் ஜாடியெல்லாம் எதுக்கு? இது எந்தக் கோயில் சுண்ணாம்பும்மா?"

நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு 'சோழர், சோழர்' என்று வாயசைத்தேன்.

"தெரியாது சார்" என்றாள்.

என் நெஞ்சு கழன்று ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் உருண்டது.

"தெரியாததை எதுக்கு வெச்சுக்கணும்?"

"எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியாது சார். உயிரோட இருக்குன்னு தெரியும்." இரண்டு தட்டுகளில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைத்தாள். காய்ந்துபோன ஜாடியிலிருந்து ஒரு துண்டைப் பொடித்து ஒன்றில் போட்டாள். நிறம் பெரிதாக மாறவில்லை. தண்ணீர் நின்ற ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மற்றதில் கலக்கினாள். தட்டு முழுக்கச் சிவந்தது.

"ஆரத்தியில்ல இது!" என்றார் டிரஸ்டி.

"அதேதான் சார். நாளைக்கு ஒரு சுவர் விரிசல் விட்டா, இவ்வளவு நாள் ஊறின சுண்ணாம்பு எப்படிப் பிடிக்குதுன்னு தடவிப் பாக்கணும். காகிதத்தைத் தடவ முடியாதுங்களே."

அவர் தட்டைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். நீ காலேஜுக்குப் போனப்புறம் தண்ணி யாரு ஊத்துவா?"

"மாமா ஊத்துவாரு."

"உங்க மாமாவா? ஊத்தினேன்னு சொல்லுவாரு."

அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். இன்டர்ன்ஷிப் முடிந்து போன பிறகு சனிக்கிழமைதோறும் போன் வரும். "ஜாடியில தண்ணி இருக்கா மாமா?" "காவிரியே இருக்குடி. நேத்து ஒரு முதலை எட்டிப் பாத்துச்சு." "முதலையோட போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். ஒரு வாரமும் தவறாமல் ஊற்றினேன், படம் எடுத்தேன், அனுப்பினேன். பொய் சொல்ல இடம் கொடுக்காமல் ஒருத்தி என்மேல் நம்பிக்கை வைத்தாள்.

அவள் படத்தை ஜாடிகளுக்கு மேலே மாட்டப்போகிறோம். கீழே நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தேன். விஞ்ஞான உலகின் விடிவெள்ளி என்று தொடங்கிக் கோடு போட்டு அடித்தேன். ஈரேழு உலகமும் என்று தொடங்கி அடித்தேன். கடைசியில் அவள் எழுதுவதுபோலவே ஓர் அட்டையில் எழுதினேன். பெயர்: மலர்விழி. ஊர்: வேப்பந்தட்டை. செய்த வேலை: இந்த ஜாடிகள் இங்கே இருப்பது. இன்னும் என்னென்ன செய்திருப்பாள்: தெரியவில்லை.

காரியம் முடிந்த வாரம் நான் காப்பகத்துப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போன் ஒலித்தது. திரையில் மலர்விழி என்று வந்தது. அடித்து ஓயப்போகும் நேரத்தில்தான் எடுத்தேன். மறுமுனையில் என் அக்கா.

"தம்பி, இன்னிக்கு சனிக்கிழமடா. அந்தத் தண்ணி போட்டோ இன்னும் வரலியே. புள்ளயோட போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"இதோ போறேன்க்கா" என்றேன். போய்ப் பார்த்தேன். ஓரத்து ஜாடியில் தண்ணீர் வற்றி, சுண்ணாம்பின் மேல் மெல்லிய ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. ஏட்டை வழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். படம் எடுத்து அந்த நம்பருக்கே அனுப்பினேன். முதலை, காவிரி என்று எதுவும் சேர்க்கவில்லை. 'தண்ணி இருக்கு' என்று மட்டும் போட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சனிக்கிழமைதான். அதை நான் வைத்திருக்கிறேன்.