குடும்பம் ஒன்று நடத்த ஓர் எஸ்டிமேட்

'வெளி வேலை கேட்டு ஊழியர் கொடுக்கும் மனுவை, கிடைத்த முப்பது நாளுக்குள் மேலதிகாரி தம் பரிந்துரையுடன் மேலே அனுப்ப வேண்டும். அனுப்ப விருப்பமில்லை என்றால், அதே முப்பது நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.' எங்கள் இலாகாவின் நடைமுறைக் கையேட்டில் இருந்த விதி இது. இதில் 'இயன்றவரை' என்ற சொல் கிடையாது. 'நிர்வாக வசதியைப் பொறுத்து' என்பதும் கிடையாது. இல்லாத அந்தச் சொற்களைத் தேடி நான் இந்த விதியைப் பலமுறை படித்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் தனுஷ்கோடியில் செக்ஷன் அதிகாரியாக இருந்தேன். சில சர்க்கார் கட்டடங்களும் ஒரு கடலோரத் தடுப்புச் சுவரும் என் பொறுப்பு. ஆள் வைத்து மணலை வாரிக் கொட்டுவேன்; காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். பொறியியல் படித்தவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அங்கே குடிதண்ணீர் ரயிலில் வரும். ஸ்டேஷனில் தொட்டி வண்டி வந்து நின்றதும் குடங்கள் வரிசை கட்டும். வரிசையில் நின்று, சுமந்து, வீட்டில் ஊற்றுகிறவருக்குக் குடத்துக்கு இவ்வளவு என்று கூலி. அரிசி பரமக்குடியிலிருந்து வரும். காய்கறி ராமநாதபுரத்தில் காயாக ஏறி, எங்களிடம் வற்றலாக இறங்கும். மீன் ஒன்றுதான் மலிவு. மீனை மட்டும் தின்று குடும்பம் நடத்தலாம் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

சம்பளச் சீட்டில் இருப்பது ஒரு தொகை, கைக்கு வருவது வேறு தொகை. சேமநிதிக்குப் பிடிப்பார்கள். மழைக்கு ஒழுகும் குவார்ட்டர்ஸுக்கு வாடகை பிடிப்பார்கள். சைக்கிள் முன்பணத்துக்கும் தவணை பிடித்தார்கள். மணலில் சைக்கிள் ஓடாது என்று எழுதிக் கொடுத்தேன். பதவிக்கு உரியது, வாங்கித்தான் ஆகவேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் ஒரே வாரத்தில் வந்தது.

அப்போதுதான் குவைத்தில் துறைமுகம் கட்டும் ஒரு கம்பெனி, கடல் வேலை தெரிந்த இந்தியப் பொறியாளர்கள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. எழுதிப் போட்டேன். பம்பாயிலிருந்த அவர்களுடைய ஏஜென்ட், என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், என் இலாகாவின் அனுமதிக் கடிதம் தை முதல் தேதிக்குள் வந்து சேரவேண்டும் என்றும் பதில் எழுதினார். அனுமதியில்லாமல் என்னால் போக முடியாது. இலாகாவின் உபகாரச் சம்பளத்தில் படித்தவன் நான். பத்து வருடம் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டவன். மீறினால் ஜாமீனாக எழுதிக் கொடுத்த எங்கள் அய்யாவின் நிலம் போய்விடும். அந்த ஒரு தாள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

போவதற்கு முன் போகலாமா என்று தெரியவேண்டும் அல்லவா? வெளிநாட்டுச் சம்பளத்தைக் கேட்டு வாயைப் பிளக்கிற ஆள் நானில்லை. பெரியபட்டினத்து மரைக்காயர் ஒருவர் தலைமன்னார் கப்பலுக்குச் சரக்கு ஏற்ற தனுஷ்கோடி வருவார். கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தவர். அவருடைய தம்பி குவைத்தில் இருந்தார். அவரை வீட்டுக்கு அழைத்து வந்து கேட்டேன்.

"சம்பளத்தக் கேக்காதீக சார். ஒரு சவரம், ஒரு தேத்தண்ணி, ஒரு மூட்டைக் கூலி, இந்த மூணையும் கேளுங்க. அந்த ஊரு வண்டவாளம் வெளிய வந்துரும்."

"சரி, கொழும்பைச் சொல்லுங்க."

"ரேசன் அரிசி மலிவு. மத்ததெல்லாம் நம்மூரப் போல ஒண்ணரை மடங்கு. ஆனா வீட்டு வாடகையும் விசா அலைச்சலும் உங்க சம்பளத்துல பாதியத் தின்னுரும். பினாங்குல டாலரு. கேக்க நல்லாருக்கும். ஒரு சட்டைய வெளுக்கப் போட்டாத் தெரியும்."

"குவைத்?"

"அங்கனயும் நம்ம ரூவாதான் சார் செல்லும். வீடு கம்பெனி, தண்ணி கம்பெனி, சாப்பாடு கம்பெனி. வெயிலு மட்டும் அல்லா குடுக்குறது. வரியில்ல, பிடித்தமில்ல. சவரத்துக்கு மட்டும் காசு."

"அதுவும் வேண்டாம்னா தாடி வச்சுக்கலாம்."

"வச்சுக்கிட்டு வாங்க, எங்க தெருவுல பொண்ணு பாக்குறேன்" என்றார் மரைக்காயர். உள்ளே என் மனைவி பாத்திரத்தைச் சற்று ஓங்கியே வைத்தாள்.

நான்கு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கொழும்பில் சம்பளம் கூடுதல், மிச்சம் கிட்டத்தட்ட இதே. பினாங்கில் கொஞ்சம் மிஞ்சும். குவைத்தில் ஒரு மாதத்தில் மிஞ்சுவது இங்கே ஒரு வருடத்தில் மிஞ்சாது. இங்கே எதுவுமே மிஞ்சவில்லை என்பதால் அந்தக் கணக்கு எளிதாக இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனுப் பாரத்தில் 'வெளி வேலை கோரும் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கூறும் காரணத்துக்கு ஆதாரம் இணைக்க வேண்டும் என்று அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன்.

எங்கள் தொழிலில் எந்தச் செலவையும் எஸ்டிமேட் பாரத்தில்தான் எழுதுவோம். வேலையின் பெயர், அளவு, விகிதம், தொகை. பொருளைச் சுமந்துவரும் தூரத்துக்குத் தனிக் கூலி உண்டு. அதை 'லீட்' என்போம். கையில் இருந்த பாரமும் அதுதான், பழகிய கையும் அதுதான். 'வேலை: குடும்பம் ஒன்று நடத்துதல், மாதம் ஒன்றுக்கு' என்று தலைப்பிட்டேன். அரிசி, விறகு, வண்ணான், பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் விகிதம். குடிதண்ணீருக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை லீட். எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்கு ஐந்து. தனுஷ்கோடி, கொழும்பு, பினாங்கு, குவைத் என்று நான்கு தாள்கள். சுருக்கத் தாள் ஒன்று. மூன்று பிரதி.

"என்ன, பாலம் கட்டப் போறீகளா?" என்றாள் மனைவி.

"காரணம் கேட்டிருக்கான். எழுதுறேன்."

"குடும்ப நிலைன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு வாங்க. எல்லாரும் அப்படித்தானே எழுதுறாக?"

"அதுக்கு ஆதாரம் கிடையாது."

"நாங்க மூணு பேரு இருக்கோமே, ஆதாரமாக் கூட்டிட்டுப் போங்க."

புரட்டாசியில் மனு ராமநாதபுரத்துக் கோட்ட அலுவலகம் போனது. முப்பது நாள் ஆயிற்று. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அறுபது நாள் ஆயிற்று. இரண்டாவது நினைவூட்டு. இரண்டுக்கும் ரசீது வந்தது, பதில் வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறினேன்.

ஹெட் கிளார்க் என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்தார். நல்ல செய்திக்கு அந்த அலுவலகத்தில் டீ கொடுப்பதில்லை.

"உங்க பேப்பரா? அது எஸ்டிமேட் செக்ஷன்ல இருக்கு சார்."

"அது வேலைக்கு மனு. அங்கே ஏன் போச்சு?"

"எஸ்டிமேட் பாரம் வந்தா எஸ்டிமேட் செக்ஷனுக்குத்தானே போகும்? டெஸ்பாட்ச்ல மேல இருந்த தாளப் பாத்து அனுப்பிட்டாக. செக் பண்றாக. விகிதமெல்லாம் நம்ம இலாகா விலைப்பட்டியல், அந்த ஷெட்யூல்ல இருக்கணும்ல? செங்கல்லுக்கு இருக்கு, ஜல்லிக்கு இருக்கு. கத்திரிக்காய்க்கு எங்கன போறது?"

"அது இணைப்பு. அதைக் கழற்றிட்டு மனுவை மட்டும் அனுப்புங்க."

"கழட்டக் கூடாது சார். இணைப்பப் பிரிச்சா மனு முழுமையில்ல. நீங்க அறியாத விதியா?"

அறிவேன். அந்த விதி இருக்கிறது. அதுதான் கொடுமை. முப்பது நாள் விதியையும் அவருக்கு முன்னால் விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் படித்தார். "மனுவுக்கு முப்பது நாள், சரிதான். எஸ்டிமேட் பரிசீலனைக்குக் கெடு எதுவும் போடலையே" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனா சார், அந்தக் குவைத்துத் தாள் அருமை. செக்ஷன்ல எல்லாரும் ஒரு பிரதி எழுதி வச்சிருக்காக" என்றார்.

என் மனுவை மூன்று மாதம் பூட்டி வைத்தவர்கள், என் கணக்கைப் பார்த்துத் தாங்கள் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

யோசித்ததோடு நிற்கவில்லை. என்னிடம் ஒரு வருடம் ஓவர்சியராக இருந்து, பிறகு அதே அலுவலகத்துக்கு மாற்றலான ஒருவர், ஐப்பசியில் அதே கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தார். காரணக் கட்டத்தில் 'குடும்ப நிலை' என்று எழுதியிருந்தார். அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. மூன்று வாரத்தில் அனுமதி.

திரும்பி வந்ததும் இணைப்பில்லாமல் புதிய மனு எழுதினேன். ஒரே பொருள் குறித்து முந்தைய மனு பரிசீலனையில் இருக்கும்போது புதிய மனு ஏற்கப்படாது என்று திருப்பினார்கள். அப்படியும் ஒரு விதி உண்டு. மேலதிகாரியை நேரில் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் முகாமில் இருந்தார். பம்பாய்க்குத் தந்தி அடித்து இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். தை பிறந்தது. வருந்துவதாகவும், இடம் நிரப்பப்பட்டதாகவும் ஏஜென்ட் எழுதியிருந்தார். கடிதத்தை மனைவி படித்தாள். "தண்ணி வண்டி வந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

இடத்தை நிரப்பியவர் அந்த ஓவர்சியர்தான். சித்திரையில் எனக்குக் கடிதம் போட்டார். 'சார், தங்கள் எஸ்டிமேட் துல்லியம். சவரக்கூலி மட்டும் சற்றுக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தார். அவர் கேலி செய்யவில்லை, மரியாதையாகத்தான் எழுதினார். அது என்னை இன்னும் எரித்தது.

திறமையில்லாமல் ஓர் இடத்தை இழந்தால் மனிதன் ஆறிவிடலாம். விதியை மீறி இழந்தாலும் ஆறலாம். நான் ஒவ்வொரு விதியையும் கடைப்பிடித்து இழந்தேன். சம்பளம் போதாது என்று நிரூபித்தவனை அதே சம்பளத்தில் உட்கார வைத்தார்கள். நிரூபணம் தவறு என்று அதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் சொன்னார்கள். ஒரு மெமோ வந்தது. எஸ்டிமேட்டில் மற்ற இனங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் குடிதண்ணீருக்குக் காட்டியுள்ள லீட், அளவுப் புத்தகத்தில் பதிவாகவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை உள்ள தூரத்தை அளந்து சான்றளித்தால் மனு மேல் நடவடிக்கைக்கு எடுத்துக்கொள்ளப்படும். கையெழுத்துக்குப் பதிலாக ரப்பர் முத்திரை.

அன்று அந்தத் தூரத்துக்குச் சுமக்கத் தண்ணீரே இல்லை. நீராட வரும் கூட்டத்துக்காக ரயிலில் கூடுதல் பெட்டிகளைச் சேர்த்து, தண்ணீர்த் தொட்டி வண்டியைக் கழற்றி விட்டிருந்தார்கள். பிளாட்பாரத்தில் வெறும் குடத்தோடு நின்றிருந்த என் கையில்தான் தபால்காரர் அந்த மெமோவைக் கொடுத்தார். வாங்கியதற்கு அடையாளமாக அதன் மூலையில் தேதியை எழுதினேன்: மனுக் கொடுத்த புரட்டாசிக்கு அடுத்த ஆடி, அமாவாசைக்கு முதல் நாள்.