பாலத்துக்கு அடியில் துப்பாக்கி

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் மலாக்கா டவுனில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைப் புத்தகங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரப்பர் எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குப் போவேன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, 'படித்தவர் அபிப்பிராயம் எழுதவும்' என்று எழுதி வைத்தது நான்தான். அடுத்த ஆள் அதைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுப்பார். அந்தத் தாளால் ஒரு மனுஷி லாக்கப்புக்குப் போவார் என்று எவன் கண்டான்!

1. அக்காவின் அபிப்பிராயம்

அப்போது ஒரு மர்ம நாவல் சக்கைப்போடு போட்டது. அதில் கொலைகாரன் துப்பாக்கியை ஆற்றுப் பாலத்துக்கு அடியில் ஒளித்து வைப்பான். எல்லாரும் வாயைப் பிளந்து படித்தார்கள். எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டும் அஞ்சலை அக்கா மட்டும் மசியவில்லை. கடைசித் தாளில் இப்படி எழுதினார்:

"பாலத்துக்கு அடியில் தினம் நாலு பேர் மீன் பிடிப்பார்கள். மடையன், அங்கேயா ஒளிப்பான்? நானாக இருந்தால் எங்கள் முப்பதாம் நிரையில் கடைசி மரத்தடியில் புதைத்திருப்பேன். எந்தப் போலீசும் கண்டுபிடிக்க முடியாது."

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, தோழிக்குக் கொடுக்க அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தார். எஸ்டேட் கேட்டில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சோதித்த போலீஸ்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். தொலைந்தது! துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றிருந்த காலம் அது. முப்பதாம் நிரையைத் தோண்டினார்கள். மண்புழுதான் வந்தது. அப்படியும் அக்காவை லாக்கப்பிலிருந்து விடவில்லை. "வேற எங்க மாத்தி வச்சே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

சேதி அன்றைக்கே கடைக்கு வந்துவிட்டது. முதலாளி, "நீ வாயத் தொறக்காதலா. கடைய இழுத்து மூடிருவானுங்க" என்றார். நானும் பொத்திக்கொண்டு இருந்தேன். இரண்டு நாள்! இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மூன்றாம் நாள் அதற்குமேல் பொறுக்கவில்லை. கையில் கிடைத்த வாடகைப் புத்தகங்களை எல்லாம் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எழுதச் சொன்னது நான்தான் தொரை. புடிக்கிறதுன்னா என்னைப் புடிங்க" என்றேன்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு கடைசித் தாளாகப் படித்துச் சொன்னார். 'கதாநாயகி சுத்த அசடு.' 'துப்பறிகிறவனுக்கு மூளையே இல்லை. எங்களை வேலை வாங்குகிற மண்டோரே கண்டுபிடித்திருப்பார்.' பிறகு அந்தப் பாலத்து அத்தியாயத்தையும் முழுக்க மொழிபெயர்த்தார்.

அக்காவைக் கூட்டிவந்து, "ஏன் அப்படி எழுதினே?" என்று கேட்டார்கள்.

"பாலத்துக்கு அடியில வச்சது முட்டாத்தனம்தாங்க தொரை. இப்பவும் அதான் சொல்லுவேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு அக்காவை விட்டார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளா எங்கேப்பா இருந்தே?"

"பயந்துட்டேன்க்கா."

அவர் லாரி ஏறிப் போய்விட்டார்.

2. நன்றாக இருக்கிறது

அடுத்த மாதம் அக்கா இன்னொரு மர்ம நாவலைத் திருப்பிக் கொடுத்தார். கடைசித் தாளில் 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். அது படு குப்பை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா? அந்த இரண்டு வார்த்தை என்னைச் சுட்டது.

"பொய் எழுதாதீங்கக்கா" என்று பென்சிலை நீட்டினேன்.

"எழுதி, மறுபடி புடிச்சுட்டுப் போனா?"

"அன்னைக்கே வந்து நிப்பேன்."

அக்கா பென்சிலை வாங்கித் தாளின் இரண்டு பக்கமும் நிறைய எழுதிக் கொடுத்தார்.

கடைசித் தாளை எடுத்துவிடச் சொல்லி முதலாளி எவ்வளவோ கத்திப் பார்த்தார். நான் கடையில் இருந்தவரை ஒட்டினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: வாசகரிடம் அபிப்பிராயம் கேட்டால், அதனால் அவருக்கு ஒன்று வரும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். மூன்றாம் நாள் இல்லை, முதல் நாளே.